இடது கன்னத்தில் ஊதாப் புள்ளி

காலை ஆறு மணி நாற்பது நிமிடம். அம்பிட்டியவில் எங்கள் வீட்டு வளைவில் பள்ளி வான் ஹோர்ன் அடிப்பது தினமும் அந்த நேரத்துக்குத்தான்; அதனால் எனக்கு உறுதியாகத் தெரியும். என் மனைவி ஸ்டெல்லா, மகள் ரொஷானிக்கு இரட்டைப் பின்னல் பின்னிக்கொண்டிருந்தாள். பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. இரத்தப் பரிசோதனையில் டெங்கு இல்லை என்று வந்திருந்தது. ஏதோ ஒரு வைரஸ் காய்ச்சல், இனிப் பயமில்லை என்று எங்கள் குடும்ப வைத்தியர் சொல்லி, அன்றுதான் அவள் மீண்டும் பள்ளிக்குப் புறப்பட்டாள். சீப்பு இடது நெற்றியோரம் பட்டதும் கதிரையை விட்டு எழுந்துவிட்டாள்.

“அம்மா, சீப்புல என்ன இருக்கு?”

“சீப்புல என்னடி இருக்கும்? ஒக்காரு, வான் வந்துருச்சு.”

“குத்துதும்மா. கன்னத்துக்குள்ள போயிக் குத்துது.”

ஸ்டெல்லா மறுபடி சீப்பை வைத்தாள். ரொஷானி இரண்டு கைகளாலும் முகத்தின் இடது பக்கத்தைத் தொடாமல் மூடிக்கொண்டாள். தொடாமல் மூடுவது என்றால் எப்படி என்று கேட்பீர்கள். கைகளைக் கன்னத்திலிருந்து ஓர் அங்குலம் தள்ளிக் குடைபோலப் பிடித்திருந்தாள். நான் வாசலுக்குப் போய் வானைப் போகச் சொன்னேன். மதியத்துக்குள் வாந்தி எடுத்தாள், வெளிச்சம் கண்ணில் பட்டால் அழுதாள். மாலையில் கண்டி பெரியாஸ்பத்திரி வார்டில் படுத்திருந்தாள்.

இதை எழுதச் சொன்னவர்கள், பிறகு வந்த மாதங்களில் கிளினிக் வாங்கில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெற்றோர்கள். லேசர் என்றால் சுடுமா, பிள்ளைக்குக் கண் போய்விடாதா என்று அவர்கள் கேட்டபோது அரைகுறையாகச் சொன்னதை இங்கே ஒழுங்காகச் சொல்லிப் பார்க்கிறேன். நான் ஒரு கணித ஆசிரியன், வைத்தியம் தெரியாது. ஆனால் எதுவானாலும் எப்படி நடக்கிறது என்று அறியாமல் இருக்க முடியாத குணம் எனக்கு. பயத்திலும் அது என்னை விடவில்லை.

முதலில் டொக்டர்கள் சந்தேகப்பட்டது மூளையைச் சுற்றியுள்ள உறையில் கிருமி தொற்றியிருக்குமோ என்று. அதை அறிய, முதுகின் கீழ்ப்பக்கம் எலும்புகளுக்கு இடையே மெல்லிய ஊசி ஏற்றி, மூளையையும் முள்ளந்தண்டையும் சூழ்ந்திருக்கும் நீரில் கொஞ்சம் எடுப்பார்கள். சம்மதம் தெரிவித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு நடைபாதையில் நின்றேன். பெண்கள் வார்ட் என்பதால் பார்வையாளர் நேரத்தில் மட்டும்தான் எனக்கு உள்ளே இடம். ஸ்டெல்லா கட்டிலுக்கு அருகே பிளாஸ்டிக் கதிரையில் இருந்தாள். பக்கத்துக் கட்டில் சிங்களப் பெண்மணி தன் போத்தலிலிருந்து கொத்தமல்லி அவித்த தண்ணீரை ஊற்றி ஊற்றி ஸ்டெல்லாவைக் குடிக்க வைத்தாராம். நோயாளியைக் கவனிக்க ஆள் வேண்டுமென்றால் முதலில் ஆள் விழாமல் இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி.

நீர் தெளிவாக இருந்தது. தலை ஸ்கேனும் சுத்தம். அன்று மாலை ஓர் இளம் டொக்டர் கட்டிலருகே வந்து, வலியே இல்லாவிட்டால் பூச்சியம், தாங்கவே முடியாவிட்டால் பத்து, உன் வலி எத்தனை என்று கேட்டார். ரொஷானி பதில் சொல்லும் முன் என்னைப் பார்த்தாள்.

“ஏழு.”

எனக்கு ஒருவகை நிம்மதியாகக்கூட இருந்தது. இனிப் பிடித்துக்கொள்ள ஓர் எண் கிடைத்தது. எங்கள் வீட்டில் தவணைப் பரீட்சையிலிருந்து சோற்றுக்கு உப்பு வரைக்கும் எல்லாவற்றுக்கும் புள்ளி போடுவது என் பழக்கம்.

அக்கா வந்தது மறுநாள். கம்பளையில் தையல் கடை வைத்திருக்கும் என் அக்கா லூர்து, ரொஷானிக்கு அத்தை, நண்பி, எதிர்க்கட்சி எல்லாம். வாய் திறந்தால் பக்கத்தில் இருப்பவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொள்வார்கள். அக்கா ஆரஞ்சு உரித்துக்கொண்டு இருந்தபோது ஒரு பெரிய டொக்டர் வார்டுக்குள் நுழைந்தார். அவருக்குப் பின்னால் வெள்ளைக் கோட்டுப் போட்ட மாணவர்கள் ஒரு பட்டாளம்.

அக்கா ரொஷானியின் பக்கம் குனிந்தார். “ஏண்டி, ஊர்வலம் எல்லாம் நல்லாத்தான் இருக்கு. மாப்பிள்ளையும் வந்துட்டாரு. பொண்ணு எங்க?”

ரொஷானி சிரித்தாள். வாய் அகன்றதும் வலி காதோரத்திலிருந்து தாடை வரை வெட்டியிருக்க வேண்டும். சிரிப்பு பாதியில் அலறலானது, பிறகு வாந்தி. தாதி ஓடி வந்தார். அக்கா ஆரஞ்சுச் சுளைகளைக் கையில் வைத்தபடி சுவரோடு ஒட்டி நின்றார். வெளியே வந்ததும் என்னிடம் கேட்டார்:

“நான் பண்ணின வேலையாடா இது?”

இல்லை என்றேன். ஆனால் அன்று மாலையே ரொஷானி தாயிடம் சொல்லியிருக்கிறாள்: “அத்தைய வர வேணாம்னு சொல்லுங்க. அவங்க மூஞ்சியப் பார்த்தாலே சிரிப்பு வருது.” அதற்குப் பிறகு அக்கா எனக்குத்தான் ஃபோன் எடுப்பார். எந்நேரமும் பேசிக்கொண்டிருந்த பிள்ளை வீட்டுக்கு வந்தும் தலையாட்டலோடு நிறுத்திக்கொண்டாள். நாங்கள் மூவரும் சொல்லாமலே ஒன்றுக்காகக் காத்திருந்தோம்: இந்தப் பிள்ளை மறுபடி பேசிச் சிரிப்பாளா?

வலி எங்கிருந்து வருகிறது என்று தெரிய நாளாயிற்று. பல் என்று ஒருவர் சொன்னார், பல் வைத்தியர் எக்ஸ்ரே பார்த்துவிட்டு நல்ல பல்லைப் பிடுங்க மாட்டேன் என்று திருப்பி அனுப்பினார், நல்ல மனிதர். பீனிசம் என்று ஒருவர். பதினோராம் வகுப்புச் சாதாரண தரப் பரீட்சை நெருங்குவதால் பயத்தில் வரும் வலி என்று என் பள்ளியிலேயே ஒருவர். கடைசியில் நரம்பியல் நிபுணரின் கிளினிக்கில் விடை கிடைத்தது. முகத்தின் உணர்ச்சிகளை மூளைக்குக் கொண்டுபோகும் நரம்பு பக்கத்துக்கு ஒன்றாக இருக்கிறது. காதுக்கு முன்னாலிருந்து நெற்றிக்கு, கன்னத்துக்கு, தாடைக்கு என்று மூன்றாகக் கிளைக்கிறது. சிலருக்கு வைரஸ் காய்ச்சல் போனபின்னும் அந்த நரம்பும் தலைவலிக்குரிய பாதைகளும் எரிச்சலோடு விழித்தே இருக்கும். அப்போது சீப்பும் காற்றும்கூட அடிபோலத் தெரியும். நரம்பைத் தணிக்கும் மாத்திரை தந்தார். அதைக் குடித்தால் பிள்ளை பாடப்புத்தகத்தின் மேலேயே தூங்கினாள். அளவைக் கூட்ட முடியவில்லை.

அப்போதுதான் அவர் லேசர் ஒளியைப் பற்றிச் சொன்னார். அறுக்கிற, சுடுகிற லேசர் வேறு. இது வலுக் குறைந்தது. தோலுக்குள் கொஞ்ச ஆழம் போகும். உயிரணுக்களுக்குள் சக்தி தயாரிக்கும் நுண்ணிய பகுதிகள் அந்த ஒளியை உறிஞ்சுகின்றன என்றும், அதனால் எரிச்சல் தணிந்து நரம்பு ஆறக்கூடும் என்றும் கருதுகிறார்கள்.

“கட்டாயம் குணமாகும் என்று நான் சொல்லவில்லை,” என்றார் சிங்களத்தில். “மாத்திரையோடு சேர்த்துச் செய்து பார்க்கலாம். ஒழுங்காகச் செய்தால் கெடுதி இல்லை. வலி எண்ணை வைத்து முடிவெடுப்போம்.”

அந்தச் சிகிச்சை நகரத்தில் ஒரு தனியார் நிலையத்தில் இருந்தது. செலவைப் பற்றி எழுதவில்லை, அது எல்லா வீட்டிலும் ஒரே கதை. சிகிச்சை செய்தவர் பர்ஹானா மிஸ். வாய் ஓயாத, கை மென்மையான பெண்; ‘இருக்க’ என்பதை ‘ஈக்க’ என்பார். பேனாவைவிடக் கொஞ்சம் தடித்த ஒரு கோலை ரொஷானியின் காதுக்கு முன்னால் வைத்தார். மூவருக்கும் பச்சை நிறக் கண்ணாடி.

“சேர், பார்த்துக்கொண்டு ஈக்க வேணாம், ஒண்டும் வெளங்காது,” என்றார். “இந்த வெளிச்சம் மனிசர்ர கண்ணுக்குத் தெரியாது. சூடும் ஈக்காது.”

“தெரியாத வெளிச்சம் வருதுனு எப்படித் தெரியும்?”

“மெஷின் பீப் பண்ணுதே, சேர்.”

பீப் என்ற ஒலி எனக்குப் போதவில்லை. எங்கள் பள்ளிப் பௌதிக ஆசிரியரிடம் கேட்டேன். டீவி ரிமோட்டின் முனையைக் கண்ணால் பார்த்தால் ஒன்றுமில்லை, ஃபோன் கமராவால் பார், என்றார். பார்த்தேன். சமையலறையில் நின்று ரிமோட்டை அழுத்தி அழுத்தி, திரையில் ஊதாநிறத்தில் ஒரு பொட்டு மினுங்குவதை ஸ்டெல்லாவையும் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணுக்கு எட்டாத சிவப்புக்கு அப்பாலான ஒளியைக் கமரா கொஞ்சம் பிடித்துவிடுகிறது. அடுத்த முறை பர்ஹானா மிஸ்ஸிடம் அனுமதி கேட்டேன். கோலின் வாயை நேரே படம் பிடிக்கக் கூடாது, தள்ளி நின்று கன்னத்தை மட்டும் காட்டலாம் என்றார். காட்டினேன். கோல் தோலைத் தொடும் இடத்தைச் சுற்றி, திரையில், மெல்லிய ஊதாப் புள்ளி.

“எனக்கும் காட்டுங்கப்பா,” என்றாள் ரொஷானி, உதடு அசையாமல்.

அவள் பல நாட்களுக்குப் பின் தானாகக் கேட்டது அதைத்தான். என் மகளின் கன்னத்துக்குள் வெளிச்சம் இறங்குவதை நாங்கள் இருவரும் ஒரு திரையில் பார்த்துக்கொண்டிருந்தோம். பயத்துக்கு நடுவில் அது ஓர் அழகான நிமிடம்.

எண் குறையத் தொடங்கியது. ஒவ்வொரு அமர்வின் முடிவிலும் மிஸ் கேட்பார். ஏழு. ஆறு. ஆறு. ஐந்தரை. ஐந்து. நாலு சொன்ன அன்று திரும்பும் வழியில் பேக்கரியில் நிறுத்தி, அவளுக்குப் பிடித்த, மீன் அடைத்த மாலு பணிஸ் வாங்கிக் கொடுத்தேன். மூன்று என்றதும் நிபுணர் மகிழ்ந்தார். அடுத்த கிளினிக்கிலும் இப்படியே இருந்தால் மாத்திரையைப் படிப்படியாக நிறுத்திவிடலாம், லேசரும் போதும் என்றார். நான் அக்காவுக்கு ஃபோன் எடுத்துச் சொன்னேன்.

“அப்ப நான் வரட்டுமாடா?”

ரொஷானியிடம் கேட்டேன். தலையை ஆட்டி வேண்டாம் என்றாள்.

எனக்கு அது இடித்தது. மூன்று என்கிறாள், அத்தை மட்டும் வரக் கூடாது. மூன்று என்கிறாள், இடியப்பத்தைச் சொதியில் ஊறவைத்து வலது பக்கத்தால் விழுங்குகிறாள். கணக்கு எங்கோ பொருந்தவில்லை. ஆனால் நல்ல விடையைத் திரும்பச் சரிபார்க்க யாருக்குத்தான் மனம் வரும்?

ஸ்டெல்லா முதல் தடவையாக எங்களோடு நிலையத்துக்கு வந்த நாள் அது வெளிப்பட்டது. அவளுக்கு ஊதாப் புள்ளியைக் காட்ட ஆசைப்பட்டேன். மிஸ் கோலை வைத்தார், மெஷின் பீப் பண்ணியது, பச்சை விளக்கு எரிந்தது. நான் ஃபோனைப் பிடித்தேன். திரையில் கன்னம் மட்டும் இருந்தது.

“எங்க?” என்றாள் ஸ்டெல்லா.

ஃபோனைத் துடைத்தேன். கோணத்தை மாற்றினேன். பர்ஹானா மிஸ் எட்டிப் பார்த்தார், பேச்சு நின்றது. மெஷினை நிறுத்தி, கோலைக் கழற்றி, அடுத்த அறையிலிருந்த இன்னொரு கோலை மாட்டி வைத்தார். ஊதாப் புள்ளி உடனே வந்தது. முதல் கோலின் வயர் உள்ளே எங்கோ விட்டுப்போயிருந்தது. மெஷினுக்குத் தெரியவில்லை, அது பாட்டுக்குப் பீப் பண்ணிக்கொண்டிருந்தது.

“யா அல்லாஹ்,” என்று கதிரையில் உட்கார்ந்துவிட்டார். “வெளிச்சம் பட்டா மினுங்குற அட்டை ஒண்டு ஈக்கி, சேர். காலையில அதால செக் பண்ணத்தான் வேணும். அது எங்கட மத்தக் கிளை நிலையத்துக்குப் போய்த் திரும்பி வரல்ல. நானும் பீப் கேக்குது தானேண்டு ஈந்துட்டேன்.”

எப்போதிலிருந்து என்று அவருக்கும் தெரியவில்லை. நான் ஊதாப் புள்ளியைக் கடைசியாகப் பார்த்து நெடு நாளாகியிருந்தது. கோபப்பட வேண்டிய இடம். எனக்கோ வேறொரு கேள்விதான் தலைக்குள் ஏறியது.

“அப்படின்னா வெளிச்சமே இல்லாம எப்படிக் கொறஞ்சிச்சு?”

“அதுவும் நடக்கும், சேர்,” என்றார் மிஸ், கண்ணைத் துடைத்துக்கொண்டு. “சிகிச்சை நடக்குதுண்டு ஒடம்பு நம்பினாலே வலி கொறையும். அது பொய்யான கொறைச்சல் இல்ல, மெய்யாவே கொறையும்.”

எங்கள் பேச்சைக் கேட்டபடி கட்டிலில் இருந்த ரொஷானி பச்சைக் கண்ணாடியைக் கழற்றவில்லை.

அம்பிட்டிய பஸ்ஸில் அவளுக்கும் எனக்கும் ஓர் இருக்கை, ஸ்டெல்லா முன்னால். ஜன்னலை மூடிவிட்டு, அதிசயத்தில்தான் கேட்டேன், அதட்டவில்லை.

“எப்படிம்மா கொறஞ்சிச்சு? தொட்ட எடத்துல ஏதாச்சும் தெரிஞ்சிச்சா?”

“கொறையலப்பா.”

பஸ் ஒரு வளைவு எடுத்தது. நான் அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன்.

“நான் ஏழுனு சொன்னா நீங்க வீடு வரைக்கும் பேச மாட்டீங்க. ஆறுனு சொன்ன அன்னைக்குப் பாட்டு முணுமுணுத்தீங்க. அதான் கொறச்சிக்கிட்டே வந்தேன்.”

“அந்த அஞ்சரை?”

“ஒழுங்கா ஒவ்வொண்ணா எறங்கினா சந்தேகப்படுவீங்க. நடுவுல ஒரு அரை போட்டா உண்மை மாதிரி இருக்கும்ல.”

நான் கற்பித்த பிள்ளைதான். சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

“மாலு பணிஸ்?”

“அம்மா தின்னாங்க.” பிறகு மெதுவாகச் சொன்னாள்: “எல்லாத்தையும் நிப்பாட்டப் போறேன்னு டொக்டர் சொன்னப்ப பயமாயிருச்சுப்பா. ஆனா மூணு சொல்லிட்டு எப்படித் திரும்ப ஏழு சொல்றது?”

முன் இருக்கையில் ஸ்டெல்லாவின் தோள்கள் குலுங்கின. அவளுக்கு எல்லாம் கேட்டிருந்தது.

நிபுணரிடம் இரண்டையும் சொன்னோம், ஒளி வராத கோலையும், குறைத்துச் சொன்ன எண்களையும். அவர் ரொஷானியைக் கடிந்துகொள்ளவில்லை. குறைத்துச் சொல்லும் பிள்ளைகள் நிறையப் பேர், அதுவும் தகப்பன் பக்கத்தில் நின்றால், என்றார். என்னைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார். எண் இனி வேண்டாம், உன்னால் எதைச் செய்ய முடியவில்லை, அதைச் சொல் என்றார். ரொஷானி சிங்களத்தில் ஒவ்வொன்றாகச் சொன்னாள். இடது பக்கம் சீப்பு. இடது பக்கம் படுக்க. பல் துலக்க. பஸ் ஜன்னலோரம் இருக்க. சோற்றை மென்று தின்ன. கடைசியாக, என்னைப் பார்க்காமல், “சிரிக்க” என்றாள். சரி, இவை திரும்பி வருகின்றனவா பார்ப்போம் என்றார். மாத்திரையை நிறுத்தவில்லை. அதை இரவுக்கு மட்டும் மாற்றினார். லேசரை முதலிலிருந்து தொடங்கச் சொன்னார்.

பர்ஹானா மிஸ் இந்த முறை ஒவ்வொரு அமர்வுக்கும் முன்னால் அட்டையை மினுங்க வைத்து எங்களுக்குக் காட்டினார். பிறகு “சேர், உங்கட ஃபோனாலயும் பாருங்க, அப்பதான் எனக்கு நித்திரை வரும்” என்பார். நான் எண் கேட்பதை விட்டேன். சுலபமாக இருக்கவில்லை. நாக்கு நுனிவரை வந்த ‘எத்தனை’யை எத்தனையோ தடவை விழுங்கினேன். அதற்குப் பதிலாகக் கவனித்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் புறப்படும்போது அவளே சீப்பை எடுத்து இடது பக்கம் வாரினாள், மெதுவாக, பல்லைக் கடித்துக்கொண்டு. இன்னொரு நாள் பஸ்ஸில் ஜன்னலைத் தானே கொஞ்சம் திறந்தாள், பிறகு மூடினாள், பிறகு திறந்தாள். மழைக் குளிர் அதிகமான ஒரு வாரம் எல்லாம் பின்வாங்கியது. “இன்னைக்கு மோசம்ப்பா” என்று வந்து சொன்னாள். கேட்க வேதனையாக இருந்தது. ஆனால் அதை நம்ப முடிந்தது.

இது லேசராலா, இரவு மாத்திரையாலா, நரம்பு தானாக ஆறியதாலா? நிபுணரைக் கேட்டேன். உங்கள் மகள் ஒருத்தியை வைத்து அதைப் பிரித்துச் சொல்ல என்னால் முடியாது என்றார். ஒளி வராத நாட்களில் குறையவில்லை, வந்த பின் குறைந்தது என்று நான் வாதாடினேன். அந்த நாட்களில் மாத்திரையையும் வேறு நேரத்தில்தானே குடித்தாள், நோய் தொடங்கி அதிகக் காலமும் போயிருக்கவில்லையே என்றார். இன்னமும் இதை யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். வாங்கில் என்னிடம் கேட்கும் பெற்றோர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: சுடாது, கண்ணாடியைக் கழற்றாதீர்கள், வெளிச்சம் வருகிறதா என்று காட்டச் சொல்லுங்கள், பிள்ளை பதில் சொல்லும்போது அதன் முகத்துக்கு நேரே நிற்காதீர்கள்.

போன சனிக்கிழமை ரொஷானி என் ஃபோனை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனாள். திரும்பி வந்து, “அத்தை வர்றாங்க” என்றாள்.

“யாரு கூப்பிட்டா?”

“நான்தான்.”

மதியம் அக்கா வந்தார். பழைய அக்கா இல்லை. வாசலில் செருப்பைக் கழற்றி, ஒரு சத்தமும் இல்லாமல் உள்ளே வந்து, கதிரையின் நுனியில் உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்து, சுவரைப் பார்த்தார். ஸ்டெல்லா கொடுத்த தேநீரை இரண்டு கையாலும் வாங்கினார். ரொஷானி எதிரே நின்று பார்த்தாள்.

“என்ன அத்தை, சாவு வீட்டுக்கு வந்த மாதிரி ஒக்காந்திருக்கீங்க?”

“ஒங்கப்பன் ஃபோன்ல சொல்லி வச்சிருக்கான், புள்ளையச் சிரிக்க வைக்கக் கூடாதுனு. எனக்கு வாயி சும்மா இருக்காதே. அதான் கம்பளையில பஸ் ஏறினதுலேர்ந்து உள்ள இருந்தது எல்லாத்தையும் பஸ்ஸுல சொல்லித் தீத்துட்டு, காலியா வந்திருக்கேன். பேராதனையில எறங்க வேண்டிய ஆளு ஒருத்தன் எறங்காம கண்டி வரைக்கும் வந்துட்டான்.”

ரொஷானி சிரித்தாள். வாய் திறந்து, சத்தமாக. இடது கை கன்னத்துக்குப் போனது. ஸ்டெல்லா எழுந்துவிட்டாள். அக்கா தேநீர்க் கோப்பையோடு முன்னால் குனிந்தார்.

“வலிக்குதாடி?”

“வலிக்குது. கொஞ்சந்தான்.”

அவள் அதை என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. கன்னத்தில் கையை வைத்தபடியே அத்தைக்குப் பக்கத்துக் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“அந்த ஆளு பொறகு எப்படிப் பேராதனைக்குத் திரும்பிப் போனான்?”

அக்கா தேநீரைக் கீழே வைத்தார். எங்கள் மூவரையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

“எங்க போனான்? வாசல்ல நான் வந்த த்ரீவீல்ல ஒக்காந்திருக்கான், மிச்சத்தக் கேக்க.”